சமையலறைக்குப் பின்னால் ஒரு லோரித் தலை

ஞாயிறு காலை, கோயில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமும் முன்பே
ஆறு பேர் வந்துவிட்டார்கள், தலையைத் தூக்க.
செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்த இருவர், கண் சிவந்து.
பட்டறை ஆ கியோங், சங்கிலிக் கப்பியோடு.
பக்கத்து வீட்டு மக்சிக் ஹலிமாவின் மகன், ரஃபிக்,
பிறகு யாரென்றே தெரியாத ஒருவர்;
வழியில் போனவர், சைக்கிளை எங்கள் வேலியில் சாய்த்துவிட்டு
சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

தனபாலனுக்கு இது மூன்றாவது மாதம்.
ரேடியேட்டர் தண்ணீரை வடித்தது நான் துணி அலசும் வாளியில்.
போல்ட்டுகள் எட்டு.
ஏழு, எண்ணெய்க்கும் சுத்தியலுக்கும் பணிந்தன.
எட்டாவதைத் தீயால் அறுத்தார் ஆ கியோங்.

வயர்களுக்கு ஹேமாஷினி டேப் ஒட்டிப் பெயர் எழுதினாள்:
இடது விளக்கு, ஹாரன், வைப்பர்,
தெரியாது ஒன்று,
தெரியாது இரண்டு
என்று
தெரியாது ஒன்பது வரை.

கதவுகளைக் கழற்றும் முன்
திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்தார்கள்.
எதற்கு என்றேன்.
"கதவு போனா கூடு நெளிஞ்சிடும்.
அப்புறம் அதே கதவே அதுல சேராது."
பதினெட்டு வருடத்தில் இவர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்.
அன்று முழுதும் இதையே நினைத்துக்கொண்டு
மீன் கழுவினேன்.

சத்து, துவா, தீகா.
தீகாவில் பாதிப் பேர் தூக்கினார்கள்,
தீகா முடிந்தபின் மீதிப் பேர்.
தலை ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, எழுந்தது.
கீழே எஞ்சின் வெட்கமில்லாமல் வெயிலில் கிடந்தது.

பழைய சந்தைத் தள்ளுவண்டியின் சக்கரங்கள் நான்கு,
மேலே பலகைச் சட்டம், அதன்மேல் தலை.
வீட்டுக்கும் வேலிக்கும் இடையே
தேர் போல ஓர் அடி, நிற்கும், இன்னோர் அடி.
பப்பாளி மரம் குறுக்கே நின்றது. காயோடுதான்.
நான் பார்க்காதபோது வெட்டிவிட்டார்கள்.

அடியில் துரு ஏறாமலிருக்க நான்கு டயர்.
மேலே தேர்தல் பதாகை:
தோற்றுப்போன வேட்பாளர் ஒருவர்
கூரையில் தலைகீழாகச் சிரித்தார்,
மழை பெய்தால் படபடவென்று பேசினார்.

பாடாங் செராயில் எந்தப் பெண்ணுக்கு இது வாய்க்கும்?
நான் கெம்போங் மீன் பொரிக்க,
ஜன்னலுக்கு வெளியே விளக்கில்லாத இரண்டு குழிகள்
எண்ணெய் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன.
மெல்ல மெல்ல உள்ளே சாமான் சேர்ந்தது:
முறுக்குப் பிடி, வெங்காயச் சாக்கு,
கையுறைத் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த உடைந்த மின்விசிறி.
பூனை ஒன்று பெடல்களுக்கடியில் மூன்று குட்டி போட்டது.

இதற்கிடையில் என் சேமநிதிப் பணம் வந்தது.
சமையலறைக்குப் பின்கூரை இறக்கினேன்.
அதற்கு ஒரு தூண் வேண்டும் என்றான் கொத்தனார்.
வைத்தான்.

பதினாலாம் மாதம் சட்டகம் தயார். கறுப்புப் பெயிண்ட், புது பிரேக்.
தனபாலன் அளவு நாடாவோடு பின்பக்கம் போனார்.
தலை ஆறடி நாலங்குலம்.
தூணுக்கும் வேலிக்கும் நடுவே ஐந்தடி பதினோரங்குலம்.
மறுபடி அளந்தார். நாடாவைத் திருப்பிப் பிடித்து அளந்தார்.
"தூணை வெட்டணும், இல்ல தலையை வெட்டணும்,"
என்றார் ஆ கியோங்.
நான் சிரிக்கவில்லை. சத்தியமாக.

அப்போதுதான் மழை பிடித்தது.
இவர் குழாய்க்கடியில் குனிந்து உள்ளே ஏறி
வெறும் தகரத்தில் உட்கார்ந்தார்.
வெங்காயச் சாக்கை நகர்த்திவிட்டு
நான் இந்தப் பக்கம் ஏறினேன்.
கண்ணாடியில்லாத முன்சட்டத்தில்
என் சமையலறை முழுசாகத் தெரிந்தது:
சுவரில் கரி, ஒரு கைப்பிடி போன சட்டி.
இவ்வளவு சின்ன இடமா அது?

"அடுப்ப அணைக்கலியா?" என்றார்.
"அந்த தெரியாது ஒன்பது, எதுக்குப் போற வயரு?" என்றேன்.
"மாட்டினாத்தான் தெரியும்."

தூணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.
ஆ கியோங் கூரைக்கடியில் நின்று
தே ஓ கிடைக்குமா என்றார்,
சீனி குறைவாக.